பாட மறுத்த ஆசிரியர்: 1999 தீர்ப்பும் 2025 சட்டமும்

சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்துவந்த ஓர் ஆசிரியர் தேசிய கீதம் பாடவும் தேசியப் பற்றுறுதி எடுக்கவும் மறுத்தார். அவர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் பிரிவைச் சேர்ந்தவர். நாட்டின் சின்னங்களுக்கு முன் உறுதி எடுப்பது, கடவுள் ஒருவருக்கே உரிய வணக்கத்தை வேறொன்றுக்குக் கொடுப்பதாகும் என்பது அப்பிரிவினரின் நம்பிக்கை. கழகம் அவரை வேலைநீக்கம் செய்தது. அவர் வழக்குத் தொடுத்தார். உயர் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. சமய நம்பிக்கையின் பொருட்டு ஒருவரின் வேலை போகலாமா என்ற கேள்வியை இந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான மேல்முறையீட்டு நீதிமன்றம் நேருக்கு நேர் எதிர்கொண்ட வழக்கு இது.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஒரு தீர்ப்பை இப்போது எடுத்துப் படிக்கக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 8ஆம் தேதி நாடாளுமன்றம் வேலையிட நியாயச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் இரண்டாம் பகுதியான தகராறு தீர்க்கும் சட்டம் அதே ஆண்டு நவம்பரில் நிறைவேறியது. 2027 இறுதிக்குள் இரண்டும் நடப்புக்கு வரும் என அரசாங்கம் அறிவித்திருக்கிறது. சமயத்தின் பெயரால் ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விடுவதும், பதவி உயர்வு மறுப்பதும், நீக்குவதும் முதன்முறையாகத் தனியார் துறையில் சட்டமீறலாகப்போகின்றன. மனிதவளத் துறையில் பணியாற்றும் என்னிடம் கோயிலிலும் கல்யாண வீட்டிலும் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: 'இனி எங்கள் சமயப் பழக்கத்துக்கு வேலையிடத்தில் பாதுகாப்பு உண்டா?' அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அந்த ஆசிரியரின் வழக்கின் வழியாகப் போனால்தான் விளங்கும்.

நீதிமன்றம் எப்படி யோசித்தது

அவருடைய வழக்கு அரசமைப்புச் சட்டத்தைச் சார்ந்து நின்றது. 15ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தை வெளிப்படுத்தவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம், ஒழுக்கம் தொடர்பான பொதுச் சட்டங்களை அந்த உரிமை மீற முடியாது என்கிறது. 16ஆவது பிரிவில் இன்னொரு பாதுகாப்பு உண்டு. தம்முடையதல்லாத சமயத்தின் சடங்கிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்கும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. கீதமும் பற்றுறுதியும் தமக்கு அப்படிப்பட்ட சடங்குதான் என்பது ஆசிரியரின் வாதம்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சமய நம்பிக்கை என்பது ஒருவர் தம் கடவுள்மீது, மனிதருக்கு அப்பாற்பட்ட ஒரு சக்திமீது, வைக்கும் நம்பிக்கை. நாட்டின்மீது வைக்கும் பற்று அந்த வகையில் சேராது. ஆகவே பற்றுறுதி எடுப்பது சமயச் சடங்காகாது. அதை மறுப்பதற்கு சமயச் சுதந்திரத்தின் பாதுகாப்பும் கிடைக்காது. சுருக்கமாக இதுதான் தீர்ப்பின் தர்க்கம். சிங்கப்பூரின் மதச்சார்பின்மை எல்லாச் சமயங்களுக்கும் இடம்கொடுத்து அரவணைக்கும் தன்மையுடையது என்ற கருத்தையும் அதே தீர்ப்பு எடுத்துச் சொன்னது.

பற்றுறுதியின் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அதன் வாசகத்தை 1966இல் உருவாக்கியதில் முதன்மைப் பங்கு யாழ்ப்பாணத் தமிழரான எஸ். ராஜரத்தினத்துடையது. இனம், மொழி, மதம் பாராமல் ஒன்றுபட்ட மக்களாக இருப்போம் என்று சொல்லும் அந்த வாசகத்தைப் பள்ளி நாள்தோறும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். சிறுபான்மையினரான நமக்கு அது வெறும் சம்பிரதாயம் இல்லை. நம் இருப்புக்கான உத்தரவாதம். ஜுபிர் சைட் இயற்றிய மலாய் மொழிக் கீதத்தைத் தமிழரும் சீனரும் சேர்ந்து பாடுவதில் ஓர் அழகு இருக்கிறது என்றும் நம்புகிறேன். அந்த ஆசிரியரின் மறுப்பு என்னைச் சங்கடப்படுத்துகிறது.

ஆனாலும் தீர்ப்பின் வழி எனக்குச் சரியாகப்படவில்லை. 'இது சமயமா?' என்று கேட்டு நீதிமன்றம் தொடங்கியது. அந்தக் கேள்விக்கு விடைசொல்ல ஓர் இலக்கணம் தேவைப்பட்டது. கடவுள் என்ற ஒருவரை மையமாக வைத்த இலக்கணத்துக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் 31.1 விழுக்காட்டினர் பௌத்தர்கள். படைப்புக் கடவுளை நடுவில் வைக்காத சமயம் அது. இந்து சமயத்துக்குள்ளேயே, முருகனுக்குக் காவடி எடுப்பவருக்கும் பிரம்மம் ஒன்றே உண்மை என்பவருக்கும் ஒரே இலக்கணம் பொருந்தாது. அதோடு, ஒரு செயல் சமயம் சார்ந்ததா என்பதை அதை நம்புகிறவரிடமிருந்து பறித்து வெளியே இருப்பவர் முடிவுசெய்தால், பெரும்பான்மையினருக்குப் பழகிய சமயங்களே தப்பிக்கும். எண்ணிக்கையில் சிறிய, நடைமுறையில் விநோதமாகத் தெரியும் பிரிவுகள் மாட்டிக்கொள்ளும். 1972இல் பதிவு ரத்தான யெகோவாவின் சாட்சிகளைவிட இதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவையை அவர்கள் மறுப்பதுதான் அந்த ரத்துக்கு முக்கியக் காரணம்.

கேரளத்தில் இதே பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள் 1985இல் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை. 1986இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. அந்தப் பிள்ளைகளின் நம்பிக்கை மனமார்ந்ததா என்று பார்த்தது. எழுந்து நின்றதால் அவமதிப்பு ஏதும் நேரவில்லை என்று கண்டது. அந்த நம்பிக்கை பிறருக்கு நியாயமாகப் படுகிறதா என்பது முக்கியமில்லை என்றது. சிங்கப்பூர் அந்த வழியில் போகவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஓர் ஆசிரியரும் பள்ளிப் பிள்ளைகளும் ஒன்றல்லர் என்பது உண்மைதான். ஆசிரியர் மாணவர்களுக்கு முன்மாதிரி. பள்ளியில் பற்றுறுதி எடுப்பது பாடத்தின் ஒரு பகுதி என்று வாதிடலாம், அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. என் மனக்குறை அது பேசப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் வேறொன்று பேசப்பட்டதே என்பதுதான். இந்த வேலையைச் சரிவரச் செய்ய, இந்த மனிதர் பாடித்தான் ஆகவேண்டுமா? மௌனமாக எழுந்து நின்றால் போதாதா? வழக்கு இந்தக் கேள்வியில் நின்றிருந்தால், தீர்ப்பு எந்தப் பக்கம் போயிருந்தாலும் அடுத்து வருகிற தொழிலாளிக்கும் முதலாளிக்கும் அது வழிகாட்டியிருக்கும்.

முக்காடும் சீருடையும்

அப்படி வேலையை நோக்கிக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மருத்துவமனைகளே சாட்சி. பொது மருத்துவமனைத் தாதியர் சீருடையோடு தூடோங் முக்காடு அணியக் கூடாது என்ற விதி நெடுங்காலம் இருந்தது. சீருடை ஒரே மாதிரி இருக்கவேண்டும், நோயாளிகளுக்கும் தாதியருக்கும் இடையே இடைவெளி தெரியக்கூடாது என்பன சொல்லப்பட்ட காரணங்கள். 2013இல் இது பொதுவெளியில் பெரிதாகப் பேசப்பட்டது. அரசாங்கம் அப்போது இணங்கவில்லை. பிறகு 2021 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் மாற்றத்தை அறிவித்தார். அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி முதல் தாதியர் முக்காடு அணியலாம் என்றானது. ஒருநாள் வேலைக்கு இன்றியமையாததாக இருந்த விதி மறுநாள் இல்லாமல் போயிற்று. ஊசி போடுவதும் மருந்து கொடுப்பதும் எப்போதும்போல் நடந்தன. காவல்துறை, ராணுவம், பள்ளிச் சீருடைகளில் பழைய நிலையே தொடரும் என்றும் அதே உரை சொன்னது. அந்த இடங்களில் காரணம் வேறு, அதை ஏற்பதும் மறுப்பதும் வேறு விவாதம்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2020இல், ஆர்ச்சர்ட் சாலையின் டாங்ஸ் பேரங்காடியில் தற்காலிகக் கடையொன்றில் விற்பனைக்கு வந்த ஒரு பெண்ணிடம் முக்காட்டைக் கழற்றச் சொன்ன சம்பவம் வெளியே வந்தது. அதிபர் ஹலிமா யாக்கோப் பாகுபாட்டுக்கு இங்கே இடமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அங்காடி தன் விதியை மாற்றிக்கொண்டது. நல்ல முடிவுதான். ஆனால் அந்த முடிவைக் கொண்டுவந்தது சமூக ஊடகமும் அதிபரின் குரலும். சட்டத்தின் ஒரு பிரிவைக் காட்டி அந்தப் பெண் தாமே அதைப் பெறவில்லை. காக்கி புக்கிட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கும் ஒருவருக்காக அதிபர் பேசமாட்டார்.

ஐரோப்பாவில் இந்தக் கோடு இன்னும் தெளிவாகக் கிழிக்கப்பட்டது. 2013 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டனிலிருந்து வந்த வழக்குகளை ஒன்றாக விசாரித்துத் தீர்ப்புச் சொன்னது. கழுத்தில் சிலுவை அணிந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஊழியர் வென்றார். நிறுவனத்தின் தோற்றப் பொலிவு என்ற காரணம் போதவில்லை. நிறுவனமே பின்னர் விதியைத் தளர்த்தியதும் அதற்கு எதிராகவே நின்றது. அதே தீர்ப்பில், சிலுவைச் சங்கிலி அணிய விரும்பிய மருத்துவமனைத் தாதி தோற்றார். நோயாளியின் பாதுகாப்பு என்ற காரணம் போதுமானது. ஒரே சிலுவை, இரண்டு வேலைகள், இரண்டு விடைகள். அது சமயமா என்று ஆராய்ந்து நேரத்தைச் செலவிடாமல், வேலைக்கு எது தேவை என்று பார்த்ததால் வந்த தெளிவு இது.

புதிய சட்டம் என்ன தருகிறது

அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து 2021இல் அமைந்த முத்தரப்புக் குழு 2023 ஆகஸ்டில் 22 பரிந்துரைகளை அளித்தது. அதன்மீது எழுந்ததே இந்தச் சட்டம். வயது, குடியுரிமை, பாலினம், திருமண நிலை, கர்ப்பம், பராமரிப்புப் பொறுப்பு, இனம், சமயம், மொழி, உடற்குறை, மனநலம் ஆகியவற்றின் அடிப்படையில் பாதகமான முடிவெடுக்கக் கூடாது. முறையீடு செய்தவரைப் பழிவாங்கக் கூடாது. நிறுவனத்துக்குள் குறைகேட்பு முறை ஒன்று இருந்தாக வேண்டும். வேலையின் உண்மையான தேவை என்றால் விதிவிலக்கு உண்டு. நான் மேலே கேட்ட கேள்வி இந்த விதிவிலக்கின் வழியாகத்தான் சட்டத்துக்குள் நுழைகிறது. அதை மனமார வரவேற்கிறேன்.

ஆனால் அந்த ஆசிரியரின் வழக்கை இந்தச் சட்டத்தின் கீழ் ஒரு தனியார் நிறுவனத்தில் நடப்பதாக வைத்துப் பாருங்கள். 'சமயத்துக்காக நாங்கள் நீக்கவில்லை. எல்லாருக்கும் பொதுவான ஒரு விதியை அவர் மீறினார். எந்தச் சமயத்தவர் மீறியிருந்தாலும் நீக்கியிருப்போம்' என்று முதலாளி சொல்வார். சட்டம் பேசுவது சமயத்தைக் காரணமாகக் கொண்டு எடுத்த முடிவை. எல்லாருக்கும் ஒன்றாக எழுதப்பட்டு, ஒரு சாராரை மட்டும் நெருக்கும் விதியை அது நேரடியாகத் தொடவில்லை. சமய அடையாளத்துக்குச் சட்டம் அரணாக நிற்கிறது. சமயப் பழக்கம் அந்த அரணுக்கு வெளியே பாதி, உள்ளே பாதியாக நிற்கிறது. ஆசிரியர் மறுபடியும் தோற்கக்கூடும்.

நம் வாழ்க்கையில் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்தப் பழக்கத்தின் பக்கம்தான். 'நீ இந்து, உனக்கு வேலை இல்லை' என்று சிங்கப்பூரில் யாரும் சொல்வதில்லை. தீமிதிக்கு விரதம் இருப்பவரின் மணிக்கட்டில் மஞ்சள் கட்டிய காப்புக் கயிறு இருக்கிறது. நேர்ச்சை முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. அவர் உணவு தயாரிக்கும் கூடத்தில் வேலை செய்கிறார். கையில் நகையோ கயிறோ இருக்கக் கூடாது என்பது சுகாதார விதி. இங்கே மேற்பார்வையாளர் தவறானவர் இல்லை, காரணம் உண்மையானது. ஆனால் 'கழற்று, இல்லையென்றால் விடுப்பில் போ' என்பதற்கு முன் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. முழங்கை வரை மூடும் கையுறை போட்டால் விதியின் நோக்கம் நிறைவேறாதா? அந்தச் சில வாரங்களுக்கு பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை கொடுக்க முடியாதா? இதே கயிறு வரவேற்பு மேசையில் நிற்பவரின் கையில் இருந்தால் சுகாதாரக் காரணம் மறைந்துவிடும். 'தோற்றம்' என்ற காரணம் மட்டும் மிஞ்சும். அது போதாது என்பேன்.

தைப்பூசம் இன்னொன்று. 1968 வரை அது பொது விடுமுறை. விடுமுறைகள் குறைக்கப்பட்டபோது தீபாவளி நின்றது, தைப்பூசம் போனது. பெருமாள் கோயிலிலிருந்து தண்டாயுதபாணி கோயில் வரை பால்குடமும் காவடியும் சுமப்பவர்கள் அன்றுமுதல் ஆண்டு விடுப்பை எடுத்தே சுமக்கிறார்கள். விடுப்பு மறுக்கப்பட்டால் புதிய சட்டம் காப்பாற்றும் என்று எண்ணிவிட வேண்டாம். எல்லாருக்கும் விடுப்பு மறுக்கும் ஒரு நெருக்கடி வாரத்தில் உங்களுக்கும் மறுத்தால் அது பாகுபாடாகத் தோன்றாது. பலருக்குத் தெரியாத ஒரு வழி வேலை நியமனச் சட்டத்திலேயே இருக்கிறது: முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்டால் ஒரு பொது விடுமுறையை வேறொரு வேலை நாளோடு மாற்றிக்கொள்ளலாம். புனித வெள்ளியன்று வேலைக்கு வந்து தைப்பூசத்தன்று விடுமுறை எடுக்கலாம். இதை முன்கூட்டியே, எழுத்தில் கேளுங்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக உணவு இடைவேளையைச் சற்று நீட்டிக் கேட்கும் தமிழ் முஸ்லிம் நண்பர்களின் ஏற்பாடும் இப்படிப் பேசி முடிவுசெய்வதாகவே இருக்கிறது.

இதில் வேதனை தருவது 25 பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கு முதல் ஐந்தாண்டுகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கு. தமிழர் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலையின் மளிகைக் கடை, பூக்கடை, உணவகம், நகைக்கடையில் பெரும்பாலானவை அந்த அளவுக்குள்தான் இருக்கின்றன. சமயம் பார்த்து ஆள் எடுப்பது அங்கே கேள்விப்படாத ஒன்றுமில்லை. முத்தரப்பு வழிகாட்டிகள் அவர்களுக்கும் பொருந்தும். மனிதவள அமைச்சு வேலை அனுமதிச் சலுகையைக் கட்டுப்படுத்தவும் முடியும். ஆனால் வேலைத் தகராறுகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் உரிமை கோர அந்தக் கடையில் வேலை பார்ப்பவருக்கு வழியில்லை. நாம் மற்றவர்களிடம் நியாயம் கேட்கிறோம் என்றால், நம் தெருவிலிருந்தே தொடங்குவதுதான் முறை.

சமய அமைப்புகளுக்கான விலக்கு

எதிர்த் திசையிலும் ஒரு பிரச்சினை இருக்கிறது. சமய அமைப்புகள் தங்கள் சமயத்தவரையே, தங்கள் நெறிப்படி வாழ்பவரையே வேலைக்கு எடுக்கலாம் என்று சட்டம் விலக்கு அளிக்கிறது. இது புதிய எண்ணமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 12ஆவது பிரிவும் சமய நிறுவனப் பதவிகளை அச்சமயத்தவருக்கே ஒதுக்குவதை ஏற்கிறது. கோயிலில் ஆகமப்படி பூசை செய்யும் அர்ச்சகர், பள்ளிவாசலின் இமாம், திருச்சபையின் போதகர் ஆகியோருக்கு அச்சமயம் வேலையின் உயிரே. எந்த நீதிமன்றமும் இதில் தலையிடக் கூடாது.

கணக்கெழுதுபவர், துப்புரவுப் பணியாளர், வாகன ஓட்டுநர் ஆகியோருக்கு? இங்கேயும் அதே கேள்வியைக் கேட்கிறேன்: வேலைக்கு நம்பிக்கை தேவைப்படுகிறதா? ஒரு தேவாலயத்தின் கணக்கைப் பார்க்க நேர்மை வேண்டும், ஞானஸ்நானம் வேண்டியதில்லை. தீட்டு, சுத்தம் என்ற காரணத்தால் கோயிலின் சில இடங்களில் சில பணிகளுக்கு நம்பிக்கையாளரே வேண்டும் என்றால் அதை ஏற்றுக்கொள்ள நான் தயார். கோயில் அலுவலகத்தின் கணினிக்கு முன் அமர அது காரணமாகாது. சட்டம் வகுத்திருக்கும் விலக்கு இதைவிட அகலமானது. அதை எத்தனை அகலமாகப் பயன்படுத்துகிறோம் என்பது நம் நிர்வாகக் குழுக்களின் கையில் இருக்கிறது.

பாலியல் நாட்டத்தையும் பாலின அடையாளத்தையும் சட்டம் பாதுகாக்கப்பட்ட பண்புகளில் சேர்க்கவில்லை. அதனால் பிரிட்டனில் ஒரே பாலினத்தவரின் இணைவைப் பதிவுசெய்ய மறுத்த அலுவலரின் வழக்கு போன்ற மோதல் இங்கே இப்போதைக்கு எழாது. மேலே சொன்ன 2013 தீர்ப்பில் அந்த அலுவலரும் தோற்றவரே. சமயச் சமூகங்களின் அச்சத்தை மதித்து இதைத் தள்ளிவைத்திருக்கலாம். ஆனால் ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவு நீங்கிய நாட்டில் ஒரு மனிதரை அவர் யார் என்பதற்காக வேலையிலிருந்து நீக்குவதற்குச் சட்டத்தில் தடை இல்லாதிருப்பது எனக்கு நிறைவளிக்கவில்லை. வழிபாட்டு இடத்துக்கு வெளியே, சாதாரண அலுவலகத்தில், ஒருவரின் நம்பிக்கை இன்னொருவரின் சம்பளத்தை நிறுத்தும் காரணமாகக் கூடாது. சமயத்தால் பாகுபாடு கூடாது என்று கேட்கும் நமக்கு அந்த வாதம் இருபுறமும் பொருந்தும்.

சட்டம் நடப்புக்கு வரும்போது முறையீடு முதலில் நிறுவனத்துக்குள், பிறகு சமரசப் பேச்சில், அதற்கும் பிறகே நடுவர் மன்றத்தில் என்ற வரிசையில் போகும். அந்த வரிசையின் முதற்படியிலேயே என்ன எழுதுகிறோம் என்பது கடைசிப் படி வரை கூட வரும். கேட்க வருகிறவர்களிடம் நான் சொல்வது இது: 'என் சமயத்துக்கு இது கட்டாயம்' என்று எழுதி, அது கட்டாயமா இல்லையா என்ற விவாதத்துக்குள் போய்விடாதீர்கள். என்ன வேண்டும், எத்தனை நாளுக்கு வேண்டும், அதனால் வேலையின் எந்தப் பகுதி பாதிக்கப்படும், அந்தப் பாதிப்பை எப்படி ஈடுகட்டுவீர்கள் என்று எழுதுங்கள். மறுத்தால் மறுப்பின் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.